இரும்புத்தூள் கிடந்த பள்ளிக்கூடம்

சூடேறிய இரும்பின்மேல் கூலண்ட் விழும்போது ஒரு வாசனை எழும். தண்ணீரில் கலந்து வெள்ளையாக்கி வைத்திருக்கும் எண்ணெய்தான் கூலண்ட். பழக்கமில்லாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். போன வாரம் காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, திண்டுக்கல் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெரு முனையில், புதிதாக வந்திருக்கும் லேத் பட்டறையிலிருந்து அந்த வாசனை வந்தது. நின்றுவிட்டேன். உள்ளே இருபது வயதுப் பையன் ஒருவன் ஏதோ மோட்டார் ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தான். இரும்பு சுருள் சுருளாக உரிந்து காலடியில் விழுந்தது. "என்னய்யா வேணும்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். எங்கே படித்தாய் என்று கேட்காமல் நகர முடியவில்லை.

"புதூர் ஐ.டி.ஐ." என்றான்.

நானும் அங்கே படித்தவன்தான். வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்த பிறகும் மனசு நான் அங்கே சேர்ந்த கோடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த வருடங்கள் அவை. பரவைக்கும் விளாங்குடிக்கும் நடுவில் அப்போது வீடுகளைவிட வயல்தான் அதிகம். மீட்டர் கேஜ் பாசஞ்சர் எங்கள் ஸ்டேஷனில் நிதானமாக நின்று, மதுரைக்குக் கீரைக்கட்டும் மோர்ப்பானையும் ஏற்றிக்கொண்டு போகும். தேனூர்ப் பக்கம் போனால் நெல். சோழவந்தான் பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்கால். பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு ஊர் காட்டிய வழிகள் சிலதான். வசதியிருந்தால் பிளஸ் டூ. தெரிந்தவர் இருந்தால் மில்லில் பதிலி வேலை. இரண்டும் இல்லையென்றால் கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சலாம், தென்னந்தோப்பில் காய் எண்ணலாம். ஐ.டி.ஐ. என்ற மூன்றெழுத்து எங்கள் தெருவில் யார் வாயிலும் புழங்கியதில்லை.

எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் அப்பா. அவர் சோழவந்தான் சாலையில் ஒரு நெல் அரவை மில்லில் வேலை பார்த்தார். பெல்ட் மாட்டுவது, தவிடு அள்ளுவது, மூட்டை தைப்பது என்று எல்லாம் அவர்தான். அந்த மாதிரி மில்களில் ஒரே ஒரு மோட்டார் இருக்கும். கூரைக்கடியில் நீளமாக ஒரு லைன் ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு ஹல்லரையும் சுற்றும். ஷாஃப்ட் நின்றால் மில்லே நின்றுபோகும்.

ஒரு தை மாதம், அறுவடை முடிந்து மாட்டுவண்டிகள் மில் வாசலில் வரிசைகட்டி நின்ற நேரத்தில் ஷாஃப்டின் பேரிங் கடித்துக்கொண்டது. மதுரைக்கு ஆள் அனுப்பினார்கள். சாயங்காலம் திண்டுக்கல் பஸ்ஸிலிருந்து காக்கிச் சட்டையும் கான்வாஸ் பையுமாக ஒருவர் இறங்கினார். சாப்பாடு கொண்டு போயிருந்த நானும் அந்த ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தேன். அவர் தேய்ந்துபோன புஷ்ஷைக் கழற்றிப் போட்டார். பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் புது கன்மெட்டல் புஷ் ஒன்றை எடுத்தார். ஷாஃப்டில் நீல மை தடவினார். புஷ்ஷை வைத்துச் சுற்றினார். திறந்து பார்த்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்க்ரேப்பரால் மெல்லச் சுரண்டினார். மறுபடி மை, மறுபடி சுற்று, மறுபடி சுரண்டல். குண்டு பல்பு வெளிச்சத்தில் விடிய விடிய இதே வேலை. யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. பொழுது விடியும்போது ஷாஃப்ட் சத்தமில்லாமல் ஓடியது.

மில் முதலாளி தன் நாற்காலியை எடுத்து அவருக்குப் போட்டார். கலர் வாங்கி வரச் சொன்னார். நிலம் நீச்சு இல்லாத ஒருவருக்கு முதலாளி நாற்காலி போட்டு அப்பா அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"என்ன படிச்சிருக்கீகன்னு கேட்டேன்டா. ஃபிட்டர்னாரு. எங்கன்னு கேட்டேன். புதூர்னாரு. ரெண்டே வருசந்தானாம்." வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே அப்பா சொன்னார். அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவுக்கு மனசில்லை. "இரும்பு அடிக்கவாய்யா உன்னப் பத்து வரைக்கும் படிக்க வச்சோம்?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாவின் தம்பியை வரவழைத்தார்.

மாமா மதுரை லோகோ ஷெட்டில் கலாசியாக இருந்தவர். நீராவி எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்து கரி துடைத்த கை. அதிகம் படிக்கவில்லை, ஆனால் இயந்திரத்தைப் பற்றி அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவருக்குக் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு என்றால் உயிர். 1945-இல் தான் நன்கொடை தந்து உருவாக்கிய பொறியியல் கல்லூரியிலேயே, நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்று வெள்ளைக்கார அரசோடு வாதாடி, அவர்கள் ஒத்துக்கொள்ளாததால் பொறுப்பை விட்டு விலகியவர் என்று அந்தக் கதையை மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"சேக்குறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துட்டு வருவோம் மாப்ள. மாடு வாங்கப் போனா பல்லப் பிடிச்சுப் பாக்குறோம். பள்ளிக்கூடத்தப் பாக்க மாட்டமா?" என்றார்.

முதலில் நகரத்துக்குள் ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். மாடிக் கட்டடம். வாசலில் பெரிய போர்டு; வேலை உறுதி என்று சிவப்பு எழுத்து. உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாக உட்காரவைத்தார். பீஸை இரண்டு தவணையில் கட்டலாம் என்றார். மாமா தலையாட்டிவிட்டு, "மிஷினப் பாக்கலாமா?" என்று கேட்டார். ஒரு லேத் இருந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு. மாமா உறையைத் தூக்கினார். சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து, லேத்துக்கு அடியிலிருக்கும் தட்டை விரலால் தடவி அந்த விரலை என்னிடம் காட்டினார். தூசி மட்டும் இருந்தது. "ஒரு பிசிறு இல்ல பாத்தியா?" என்றார் மெதுவாக. சொல்லிக் கொடுக்கும் சார் நாளைக்கு வருவார் என்றார்கள். மாமா கும்பிடு போட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டார்.

தமிழ்நாடு பாலிடெக்னிக்கையும் வெளியே நின்று பார்த்தோம். விடுதலைக்கு முன்பிருந்தே மதுரையில் நடக்கும் பெரிய இடம். ஆனால் அது மூன்று வருடப் படிப்பு. எனக்கு இளையவர்கள் இருவர் பள்ளியில் இருந்தார்கள். மூன்று வருடம் வரவில்லாமல் எங்கள் குடும்பம் தாங்காது என்று எனக்கே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கேட்டில் நின்றுவிட்டுப் பஸ் ஏறினோம்.

கோரிப்பாளையம், தல்லாகுளம் தாண்டிப் புதூர். மாமா ரயில்வே காக்கிச் சட்டையில் வந்திருந்ததால் வாட்ச்மேன் தடுக்கவில்லை. கட்டடத்துக்கு முன்பே சத்தம் வந்து எங்களை எதிர்கொண்டது. அரம் தேய்க்கும் சத்தம், உளியில் சுத்தி விழும் சத்தம், எங்கோ ஒரு கிரைண்டர். உள்ளே நீளமான பெஞ்சுகளில் வரிசையாக வைஸ்கள்; ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பையன். வைஸின் வாய் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஒவ்வொருவன் காலடியிலும் சாம்பல் நிறத்தில் இரும்புத்தூள்.

மாமா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக மூலையிலிருந்த பழைய இரும்புப் பெட்டிக்குப் போனார். அதில் ஹாக்ஸாவால் அறுத்த துண்டுகள், கோணலாகத் தேய்த்தவை, ஓட்டை இடம் மாறிப்போனவை என்று பாதிக்கு மேல் நிறைந்து கிடந்தன. ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரைகுறையாக நின்றுபோன ஏதோ ஒரு வேலை. டாட் பஞ்ச் அடித்த புள்ளிகள் இன்னும் இருந்தன.

"தப்பாப் போன வேல மாப்ள இது. தப்புப் பண்றதுக்கு இரும்பு குடுக்குறாய்ங்க இங்க. இங்கதான் கத்துக்க முடியும்."

வேறு எதையும் பார்க்கவில்லை. விண்ணப்பம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

பிறகு எந்த டிரேடு என்ற கேள்வி வந்தது. தெருவில் எல்லோரும் எலக்ட்ரீசியன் என்றார்கள். ஈ.பி. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. மோட்டார் மெக்கானிக் படித்தால் பாண்டியன் போக்குவரத்துக் கழக டிப்போவுக்குப் போகலாம் என்று ஒரு கணக்கு. மாமா ஃபிட்டரில் உறுதியாக நின்றார். இயந்திரம் எதுவாக இருந்தாலும் கடைசியில் ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு பொருந்த வேண்டும், அந்தப் பொருத்தத்தைக் கற்றவனுக்கு எந்தத் தொழிற்சாலையிலும் இடமுண்டு என்பது அவர் கட்சி. மதிப்பெண் வரிசைப்படி கூப்பிட்டார்கள். ஃபிட்டர் கிடைத்தது.

ஊரிலிருந்து புதூருக்குச் சைக்கிள்தான். பரவை, விளாங்குடி, செல்லூர், கோரிப்பாளையம் என்று வைகையின் வடகரையோடு வடகரையாக வந்துவிடலாம்; ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. மழை நாளில் மட்டும் பஸ்.

முதல் மாதங்கள் முழுக்க அரம்தான். நாங்கள் எதிர்பார்த்தது லேத், மில்லிங், பெரிய பெரிய சக்கரங்கள். கிடைத்தது ஒரு இரும்புத் துண்டும் ஒரு பாஸ்டர்ட் ஃபைலும். வைஸின் மேல்மட்டம் முழங்கை உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதால், குள்ளமாக இருந்த என்னை ஒரு பலகைமேல் நிற்கவைத்தார் எங்கள் சார். இடது கால் முன்னே. தள்ளும்போது மட்டும் அழுத்தம். இழுக்கும்போது கை தளர வேண்டும். அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடைக்காமலிருக்கச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரத்திலேயே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அம்மா ராத்திரி விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். ஒன்றும் சொல்லமாட்டாள், தடவும் விரலிலேயே அவள் வருத்தம் தெரியும்.

தேய்த்த துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நிற்போம். சார் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணுயரத்தில் பிடிப்பார். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்டமாட்டார். "வெளிச்சம் தெரியுதுப்பா" என்பார், அவ்வளவுதான். வெளிச்சம் தெரியாத நாள் ஒன்று வந்தது. அன்றைக்குச் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவே இல்லை. அதன் பிறகு 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியரைக் கையில் கொடுத்தார்கள். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய ஓர் அளவை என் கை உணரும் என்பதை அந்த வயதில் வேறு எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லியிருக்காது.

மதியச் சாப்பாடு வேப்பமரத்தடியில். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம் என்று எல்லா ஊர்த் தூக்குவாளிகளும் அங்கே திறக்கும். கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர் மகன் ஒருவன், சலவைத் தொழிலாளி மகன் ஒருவன், பனையேறி மகன் ஒருவன், தாசில்தார் அலுவலக பியூன் மகன் ஒருவன் என்று எங்கள் பெஞ்சில் வரிசையாக நின்றோம். கொல்லர் மகனுக்கு முதல் நாளே சுத்தி பிடிக்கத் தெரிந்திருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் சலவைத் தொழிலாளி மகன் அவனைவிடச் சுத்தமாகச் சதுரம் தேய்த்தான். சார் அவனுடைய துண்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டினார்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ராஜாஜி காலத்தைப் பற்றிச் சொன்னார். 1953-இல் தொடக்கப் பள்ளியில் அரைநேரம் பாடம், மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் செய்யும் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார்கள். அடுத்த வருடம் ராஜாஜி விலகினார். காமராஜர் வந்ததும் அந்தத் திட்டம் போனது. அப்பாவின் தம்பி அப்போது பள்ளியில் இருந்தாராம். "தொழில் படிக்கிறது தப்பில்லடா. எந்தத் தொழில்னு நீ பாத்து எடுக்கணும். பொறந்த வீடு எடுக்கக் கூடாது" என்றார். மில்லில் தவிடு அள்ளியவர் சொன்னது. தொழிற்கல்வி பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதைவிடத் தெளிவானது இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படி ஒரு பெஞ்சை அரசாங்கம் போட்டுவைத்தது 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில். ஆரம்பத்தில் நாடு முழுவதற்குமே ஐம்பது நிலையங்கள் அளவில்தான் இருந்தன. இன்று அரசும் தனியாருமாக 14,000-க்கு மேல். அதில் பெரும்பாலானவை தனியார் கையில். 1956-இல் வந்த என்.சி.வி.டி. என்ற தேசியக் குழுதான் எந்த டிரேடுக்கு என்ன பாடம், என்ன இயந்திரம், என்ன தேர்வு என்று வரையறுத்தது. அதன் சான்றிதழை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்காத ஃபிட்டர் வீட்டை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் விட முடியாது. முந்தின நாளே அரத்தின் பல்லுக்கிடையில் இருக்கும் தூளைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுப்போம். லேத்துகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காட்டன் வேஸ்ட்டால் காயவைத்து, எண்ணெய் பூசுவோம். வைஸ் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். மரியதாஸ், இப்ராகிம் என்று பெயர் வைத்திருந்தவர்களும் தங்கள் வைஸைத் தாங்களே துடைத்துப் பொட்டு வைத்தார்கள். பொரிகடலையை நியூஸ் பேப்பரில் கட்டிக் கொடுப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஷாப்பில் சத்தம் இருக்காது.

தேர்வு முடிந்ததும் எல்லோரும் செய்த முதல் வேலை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்தது. அந்த அட்டையை சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைக்கும் பழக்கம் இருந்தது. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி பெரிய தொழிற்சாலைகள் எங்களைப் போன்றவர்களைப் பயிற்சிக்கு எடுத்தாக வேண்டும். நான் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவுக்குப் போனேன், பிறகு வேறொரு ஆலை. உடன் படித்தவர்களில் ஒருவர் திருச்சி பெல் பாய்லர் ஆலைக்கு, ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனைக்கு, சிலர் வளைகுடாவுக்கு. சலவைத் தொழிலாளி மகன் வாடிப்பட்டியில் பம்ப்செட் பட்டறை வைத்தான். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் ரிப்பேர் என்றால் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை என்ன டிரேடு?"

அந்தக் கேள்வி பத்துப் பதினைந்து வருடத்தில் மறைந்துபோனது. எண்பதுகளின் நடுவிலிருந்து தனியார் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. தமிழ்நாட்டில் ஒரு கட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஐ.டி.ஐ. என்றால் மார்க் இல்லாத பையன் போகுமிடம் என்று பேச்சு மாறியது. எங்கள் தெருவிலேயே பொறியியல் முடித்துவிட்டு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு வசூல் செய்யப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். படிப்பைக் குறை சொல்லவில்லை. ஒரு இயந்திரத்தையும் தொடாமல் அந்தப் பிள்ளைகளை நாலு வருடம் உட்காரவைத்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஐ.டி.ஐ. பற்றிய பேச்சு இப்போது மறுபடி மாறுகிறது. என் தங்கை பேத்தி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, "தாத்தா, ஐ.டி.ஐ. சேரப் போறேன், கூட வர்றியா?" என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகள் என்றால் தையல், சுருக்கெழுத்து என்று தனியாக வைத்துவிடுவார்கள். இவள் கேட்டது சி.என்.சி. என்ற, கம்ப்யூட்டர் வழி ஓடும் இயந்திரப் படிப்பு. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடியில் மேம்படுத்தியதில் ரோபோ, மின்வாகனம், நவீன சி.என்.சி. என்று புதுப் படிப்புகள் வந்திருப்பதை அவள் போனிலேயே காட்டினாள்.

மாமா செய்ததையே நானும் செய்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு மூன்று நான்கு இடங்களுக்குப் போனேன். ஒரு தனியார் இடத்தில் வழவழப்பான புத்தகம் கொடுத்தார்கள். இயந்திரம் கண்ணாடி அறைக்குள் இருந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் திரையில்தான் பழகுவார்களாம். இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொன்னபோது, ஆபரேட்டர் லீவு என்றார்கள். பழைய இரும்பு எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். கேள்வி புரியாமல் விழித்தார்கள். திரையில் பழகுவது நல்லதுதான், ஆரம்பத்தில் இயந்திரமும் கையும் தப்பிக்கும். ஆனால் டூல் இரும்பில் இறங்கும்போது வரும் அதிர்வையும், சத்தம் மாறினால் எதையோ நிறுத்த வேண்டும் என்று கை தானாக நகர்வதையும் திரை சொல்லித்தராது. பிள்ளைகளுக்குக் கெடுத்துப் பழக இரும்பு வாங்கித் தராத இடம் எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் தொழிற்பள்ளி ஆகாது.

அடுத்த இடம் ஒரு அரசு ஐ.டி.ஐ. மூலையில் டிரம் நிறைய அலுமினியச் சுருள், இரும்புச் சுருள். எனக்குத் திருப்தி. போதும், வா என்றேன். அவள் வரவில்லை. "இரு தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்று பார்த்தாள். உடை மாற்ற அறை இருக்கிறதா, போன வருடம் இந்த டிரேடில் எத்தனை பெண்கள் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அங்கேயிருந்த பயிற்றுநர் அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். போன வருடம் படித்த ஒரு பெண்ணின் போன் நம்பரை அந்தப் பெண்ணிடமே அனுமதி கேட்டு வாங்கிக் கொடுத்தார். மாமாவுக்கு இந்தக் கேள்விகள் தோன்ற வழியில்லை. அன்றைக்கு அந்த ஷாப்பில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. இவள் கேட்டதும் மாமா கேட்டதும் சேர்ந்தால்தான் விசாரணை முழுசாகும் என்று எனக்குத் தோன்றியது.

அவள் அங்கேயே சேர்ந்துவிட்டாள். படிப்புக்குக் கட்டணமில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைகருவிகள், பஸ் பாஸ் எல்லாம் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் இன்னொரு 1,000 ரூபாய். முதல் மாதம் வந்திருந்தபோது கையைக் காட்டச் சொன்னேன். சி.என்.சி. என்றாலும் முதலில் கொடுத்தது அரம்தானாம். விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுத்தேன்.

மே, ஜூன் மாதங்களில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பீஸ் கட்டும் முன்பு ஒரு வேலை நாளில், வேலை நேரத்தில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். அலுவலக அறையில் உட்காராதீர்கள். ஷாப்புக்குள் போய் நின்று பாருங்கள். போர்டில் அங்கீகாரம் பெற்றது என்று எழுதியிருந்தால் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு டிரேடுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. உங்கள் பிள்ளை சேரும் டிரேடுக்கு அது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். போன வருடம் முடித்தவர்கள் எங்கே அப்ரண்டிஸ் போயிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெண்பிள்ளையாக இருந்தால் அவளையே கேள்வி கேட்கவிடுங்கள். ஐ.டி.ஐ.க்குப் பிறகு படிப்பு நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். இரண்டு வருடம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பிக்கக் கட்டணம் ஐம்பது ரூபாய்தான். இணையத்தில் போடத் தெரியாதவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.களிலேயே உதவி மையம் வைத்துப் போட்டுத் தருகிறார்கள்.